கண்ணாடிக் கதவில் வெள்ளைப் புள்ளி

எங்கள் தொழிற்சாலை ஆபீஸின் முகப்பு முழுக்கக் கண்ணாடி. சுங்குவார்சத்திரத்தில் பஸ்ஸைவிட்டு இறங்கி வயல்வெளிப் பக்கமாக நடந்து வந்தால், கால் மைல் தூரத்திலேயே அது வெயிலில் மின்னுவது தெரியும். புதிதாக வைத்தபோது, வேலை கேட்டு வந்த இரண்டு பேர் கதவு திறந்திருக்கிறது என்று நினைத்து நெற்றியை இடித்துக்கொண்டார்கள்.

கண்ணாடிக்கு உள்ளே, டைம் ஆபீஸில் நான். கண்ணாடிக்கு வெளியே, விளக்குமாறோடு என் அம்மா. இது உனக்குச் சங்கடமாக இல்லையா என்று டைப்பிஸ்ட் பெண் ஒருமுறை கேட்டாள். இல்லை என்றேன். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான்; முதன்முதலாக வேலைக்குப் போனவள் அம்மா. அவள் போகாவிட்டால் நான் போயிருக்க முடியாது. தினமும் காலையில் வருகை நேரம் பதிகிற அட்டைகளை அடுக்கும்போது அவளுடைய அட்டையைத்தான் மேலே வைப்பேன்.

ஒரு வருடத்துக்குள் கண்ணாடியில் வெள்ளைப் புள்ளிகள் விழுந்தன. முதலில் அம்மை போட்ட மாதிரி அங்கொன்றும் இங்கொன்றும். பிறகு இடுப்பு உயரம்வரை மொத்தமும் சுண்ணாம்பு அடித்த மாதிரி மங்கிப்போனது. அம்மா சோப்புப் போட்டாள், சாம்பல் போட்டாள். நனைந்திருக்கும்போது சுத்தமாகத் தெரியும்; காய்ந்ததும் புள்ளிகள் திரும்ப வந்து நிற்கும். மெயின்டனன்ஸில் இருந்து ஒருவர் உப்புத்தாள் கொண்டுவந்து ஓர் ஓரத்தைத் தேய்த்துப் பார்த்தார். புள்ளி போகவில்லை, கண்ணாடியில் கீறல்தான் விழுந்தது. அந்தக் கீறலுக்கான பழியும் அம்மாவுக்கே வந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் நிர்வாக அதிகாரி என்னைக் கூப்பிட்டார். மெட்ராஸில் இருந்து வந்துபோகிறவர். கோபப்பட்டுப் பேசுகிற ஆள் இல்லை. ரொம்ப நிதானமாகப் பேசுவார், அதுதான் தாங்காது. திங்கட்கிழமை பதினோரு மணிக்கு ஹெட் ஆபீஸில் இருந்து ஆட்கள் வருகிறார்கள், கண்ணாடி இந்த லட்சணத்தில் இருந்தால் வாசல் வேலையை மெட்ராஸ் கான்ட்ராக்ட் ஆட்களுக்குக் கொடுத்துவிடுவேன் என்றார். பிறகு எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னார்:

"உங்கம்மாவைத் தப்பா சொல்லலம்மா. கண்ணாடியெல்லாம் பார்த்துப் பழகாத ஜனங்க. தொடைக்கத் தெரியாது, அவ்ளோதான்."

"எங்கம்மா கைமேல தப்பு இல்ல சார். தண்ணிமேலதான் தப்பு," என்றேன். "திங்கக்கெழமை வந்து பாருங்க."

வாயிலிருந்து வந்துவிட்டது. எப்படிச் செய்யப்போகிறேன் என்று அந்த நிமிடம் எனக்குத் தெரியாது. ஆனால் தண்ணீரைப் பற்றிச் சொன்னது வீம்புக்கு அல்ல. தொழிற்சாலைக்குப் போட்ட போர் முழுக்க உப்புத் தண்ணீர். அதில் சோப்பு நுரைக்காது. கேன்டீன் கெட்டிலுக்குள் ஒரு விரல்கடைப் பருமனுக்கு வெள்ளைப் பாறை பிடித்திருந்தது. எட்டாம் வகுப்பிலோ ஒன்பதாம் வகுப்பிலோ கடின நீர் என்று ஒரு பாடம் உண்டு; அதை நான் பரீட்சைக்காக மனப்பாடம் செய்திருந்தேன். சுண்ணாம்புக் கல்மேல் அமிலத்தை ஊற்றினால் கரைந்துபோகும் என்று டீச்சர் செய்து காட்டியதும் ஞாபகம் இருந்தது. கண்ணாடியில் இருப்பது அழுக்கு இல்லை, தண்ணீர் போனபிறகு மிஞ்சிய கல். கல்லைத் தேய்த்து எடுக்க முடியாது. கரைக்கத்தான் வேண்டும்.

சனிக்கிழமை அரை நாள் வேலை. முடிந்ததும் வல்லக்கோட்டைக் கோயில் கடைகளில் போய், வாடிப்போன எலுமிச்சம்பழங்களை ஒரு பை நிறைய வாங்கி வந்தேன். வாட்ச்மேன் பையைத் திறந்து பார்த்துவிட்டு அம்மாவிடம் கேட்டார்: "இன்னாக்கா, ஆபீசுக்குத் திருஷ்டி சுத்தப் போறீங்களா?"

"உன்னத்தான் மொதல்ல சுத்தணும். நாள் பூரா குந்திக்கினு கெடக்கிறே," என்றாள் அம்மா.

பழத்தை அறுத்துக் கண்ணாடியில் தேய்த்துத் துடைத்தேன். ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு பழம், அப்போதும் ஆகவில்லை. அம்மா பிழிந்த தோல்களைப் பொறுக்கி ஓரமாகக் குவித்தாள். தோற்றுப்போய் உட்கார்ந்து ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பினால், துடைக்க மறந்த ஓர் இடத்தில் சாறு ஒழுகி நின்றிருந்தது. அதைத் துணியால் வழித்தேன். அந்தக் கோட்டில் மட்டும் கண்ணாடி தெளிவாக இருந்தது, அதன் வழியே உள்ளே என் மேஜை தெரிந்தது.

அவசரப்பட்டதுதான் தவறு. கல் கரைய நேரம் வேண்டும். பழைய வேட்டியைக் கிழித்துச் சாற்றில் நனைத்துக் கண்ணாடியில் ஒட்டவைத்தோம். காயக் காய மேலே சாறு தெளித்தோம். அரை மணி கழித்து உரித்து, ஊரிலிருந்து குடத்தில் கொண்டுவந்த நல்ல தண்ணீரில் கழுவி, உடனே ஈரம் இல்லாமல் பேப்பரால் துடைத்தோம். ஞாயிற்றுக்கிழமையும் வந்தோம். என் விரல் நுனியெல்லாம் எரிந்தது. மாலையில் முழுக் கண்ணாடியும் தெளிந்திருந்தது. இடது பக்கத்தில் ஒரு பலகையின் அடி ஓரம் மட்டும் கரையவில்லை. ரொம்ப நாள் விட்டதால் கல் கண்ணாடியையே தின்றிருக்கிறது. அது இன்றும் அப்படியேதான் இருக்கிறது.

திங்கட்கிழமை அம்மாவோடு ஆறு மணிக்கே போனேன். விடிகாலையில் அவள் வாசல் வேலை செய்கிற நேரத்தில் நான் அங்கே இருந்தது அதுதான் முதல் தடவை. பெருக்கி முடித்தாள். போர்க் குழாயில் ஒரு பக்கெட் தண்ணீர் பிடித்தாள். பூட்டிய கண்ணாடிக் கதவுக்கு எதிரே நின்று, கையால் அள்ளிப் படியைப் பார்த்து வீசித் தெளித்தாள். சளீர் சளீர் என்று துளிகள் இடுப்பு உயரம்வரை கண்ணாடியில் போய் ஒட்டின. முகப்பு கிழக்குப் பார்த்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெயில் ஏறி, முதல் துளி காய்ந்து வெள்ளை வளையமானது.

தண்ணீர்மேல் தப்பு என்று சொல்லியிருந்தேன். அந்தத் தண்ணீரைக் கண்ணாடிமேல் போட்ட கை அம்மாவுடையது.

"யம்மா, ஆபீசுக்கு எதுக்கும்மா வாசல் தெளிக்கிறே? யார் சொன்னா உன்ன?"

"யாராவது சொல்லணுமா? வாசல் காஞ்சி கெடந்தா எழவு வூடுடி. எனக்கு சோறு போடற எடம். காய வுடமாட்டேன்."

வேட்டித் துணியை எடுத்து வேகவேகமாகத் துளிகளைத் துடைத்தேன். துடைத்துக்கொண்டே யோசித்தேன். எங்கள் வீட்டு வாசலிலும்தான் அம்மா தினமும் தெளிக்கிறாள். அங்கே கதவில் ஏன் ஒரு சொட்டும் படுவதில்லை? ஏனென்றால் வீட்டில் அவள் கதவைத் திறந்து, நிலைப்படியில் நின்று, தெருவைப் பார்த்துத் தெளிப்பாள். இங்கே வாட்ச்மேன் எட்டு மணிக்குத்தான் கதவைத் திறப்பார். அவள் வெளியாள் மாதிரி வெளியில் நின்று, பூட்டிய கதவைப் பார்த்துத் தெளிக்கிறாள்.

அன்றைக்கு அதிகாரி ஏழரைக்கே ஜீப்பில் வந்து இறங்கினார். கண்ணாடியைப் பார்த்தார். கையில் துணியோடு நின்ற என்னைப் பார்த்தார். பளிச்சென்று இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டவர், ஈரமான படியைப் பார்த்ததும் எப்படி அந்தக் கறை வந்தது என்று கேட்டார். சொல்லாமல் விட்டிருக்கலாம். சொல்லாவிட்டால் ஆறு மாதத்தில் மறுபடி அதே கண்ணாடி, அதே பேச்சு. அம்மா எதிரிலேயே நடந்ததைச் சொன்னேன்.

"அப்போ தப்பு உங்கம்மாதுதானே? தெளிக்கிறதை நிறுத்தச் சொல்லு, முடிஞ்சது," என்றார்.

அம்மா தலையைக் குனியவில்லை. பக்கெட்டைக் கீழே வைக்கவும் இல்லை.

"நிறுத்த மாட்டாங்க சார்," என்றேன். "சாவி குடுங்க. கதவைத் தொறந்துட்டு நிலையில நின்னு தெளிச்சா கண்ணாடிமேல ஒரு சொட்டு படாது. பூட்டி வச்சதாலதான் இவ்ளோவும்."

"ஆபீஸ் சாவியை ஸ்வீப்பர்கிட்ட குடுக்கச் சொல்றியா?"

அவருக்காக வாட்ச்மேன் அன்றைக்குச் சீக்கிரமே கதவைத் திறந்திருந்தார். டைம் ஆபீஸுக்குப் போய் அம்மாவின் பழைய அட்டைகளைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தேன். லேட்டாக வந்தால் கேட்டில் இருக்கிற மெஷின் நேரத்தைச் சிவப்பு மையில் அடிக்கும். அந்த அட்டைகளில் சிவப்பு கிடையாது. என் அட்டையில் உண்டு, அவருடைய டிரைவர் அட்டையில் உண்டு. அவர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

பதினோரு மணிக்கு ஹெட் ஆபீஸ்காரர்கள் வந்தார்கள். கண்ணாடியை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. சுத்தமான கண்ணாடியை யார் பார்ப்பார்கள்?

புதன்கிழமை காலை வாட்ச்மேன் அம்மாவிடம் ஒரு சாவியை நீட்டினார். "அய்யா குடுக்கச் சொன்னாரு. இனிமே நீங்கதான் மொதலாளி," என்றார்.

"நீ எழுந்து நில்லு மொதல்ல," என்றாள் அம்மா.

சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு கதவைத் திறந்தாள். நிலையில் ஏறி நின்று, கண்ணாடிக்கு முதுகைக் காட்டி, ரோட்டைப் பார்த்துத் தண்ணீரை வீசினாள். நான் காய்ந்த துணியோடு பக்கத்தில் நின்றேன். துடைக்க ஒன்றும் இல்லை.