எதிர்வீட்டில் நடந்த பெண் பார்ப்பு

என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் நைனாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, வந்த முதல் கவலை எங்கள் வாசலைப் பற்றியது. நகரியில் எங்கள் நெசவுத் தெருவிலேயே குட்டையான வாசல் எங்களுடையதுதான். புதிதாக வருகிற யாரும் நிலையில் தலையை இடித்துக்கொள்ளாமல் உள்ளே வந்ததில்லை.

"திருத்தணியிலேர்ந்து வராங்க. வந்ததும் மண்டையில ஒண்ணு வெச்சா நல்லாவா இருக்கும்?" என்று சொல்லி மேஸ்திரியைக் கூட்டிவந்தார்.

"குனிஞ்சு வரச் சொன்னா ஆவாதா?" என்று அம்மா கேட்டாள். அதற்குள் மேஸ்திரி கடப்பாரையை எடுத்துவிட்டார்.

நிலையைப் பெயர்த்த பிறகுதான் விஷயம் தெரிந்தது: இத்தனை காலம் அந்த நிலைதான் சுவரைத் தாங்கிக்கொண்டிருந்திருக்கிறது. மண்சுவர் மத்தியானம் வரை யோசித்தது. நாங்கள் கொல்லையில் சாப்பிட உட்கார்ந்தபோது அதுவும் உட்கார்ந்துவிட்டது. ஓடுகள் சரசரவென்று தெருவில் இறங்கின. மேஸ்திரி புழுதிக்குள் நின்று தலைப்பாகையை உதறினார்.

"நல்லதாப் போச்சுங்க. இல்லேன்னா நாமளே இடிக்கணும்."

விழுந்த உத்தரத்தைப் புரட்டினால் உள்ளே மரமே இல்லை. கறையான் தின்றது போக மேல்பட்டை மட்டும் மரியாதைக்கு மிஞ்சியிருந்தது.

புது உத்தரத்துக்கு நைனா புத்தூர் மரக்கடைக்குப் போனார். வீட்டைத் தன் கையால் முழம் போட்டு அளந்துகொண்டு போனார். நைனா பனைமரம் மாதிரி உயரம். மரக்கடைக்காரர் குள்ளம், அவர் தன் கையால் அளந்து அறுத்துக் கொடுத்திருக்கிறார். மாட்டுவண்டியில் வந்து இறங்கிய உத்தரத்தை ஒரு பக்கச் சுவரில் ஏற்றினால் மறுமுனை காற்றில் நின்றது.

"ஆந்திரா ராஷ்ட்ரம் ஆனதும் முழம் கூட மாறிப்போச்சா?" என்று நைனா வண்டிக்காரரிடம் பாய்ந்தார். ஆந்திரா தனியாகப் பிரிந்து, எந்த ஊர் எந்தப் பக்கம் என்று சண்டை நடந்த சமயம் அது; எது கெட்டாலும் எல்லைத் தகராறின் மேல்தான் பழி போகும்.

அன்றைக்குப் பார்த்தா அவர்கள் வந்து நிற்க வேண்டும்! மாப்பிள்ளையும் அவர் அம்மாவும், பூவும் பழமுமாக.

"அடுத்த வாரந்தான் வரதா இருந்தோம். எல்லைச் சண்டைக்கு நாளையிலேர்ந்து கடையடைப்பாம், பஸ் ஓடாதாம். அதான் இன்னிக்கே வந்துட்டோம்" என்றார் அந்த அம்மா. "எது உங்க வூடு?"

நைனா மண்குவியலைப் பார்த்தார். எதிர்வீட்டைப் பார்த்தார். "இதாங்க, வாங்க" என்று அவர்களை எதிர்வீட்டுக்குள் அழைத்துப் போய்விட்டார்.

எதிர்வீட்டு அக்கா தெலுங்குக்காரி, கெட்டிக்காரி. ஒரு கணம் விழித்தாள். பிறகு, "ரண்டி, ரண்டி" என்று வரவேற்றுப் பாயை விரித்து, என் முகத்து மண்ணைத் துடைத்துத் தன் பட்டுப்புடவையையும் கட்டிவிட்டாள். பெண்ணின் அத்தை என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டதும் அவளே.

"கொஞ்சம் தண்ணி கொண்டாம்மா" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. நான் திறந்த முதல் கதவுக்குப் பின்னால் வெங்காய மூட்டை இருந்தது. இரண்டாவது கதவைத் திறந்தால் எருமை திரும்பிப் பார்த்தது.

"தன் வூட்ல தண்ணிப்பானை எங்க இருக்குனு தெரியாதா இந்தப் பொண்ணுக்கு?"

"வெட்கங்க" என்றார் நைனா.

அப்போது அக்காவின் புருஷன் சந்தையிலிருந்து திரும்பினார். தன் கட்டிலில் யாரோ உட்கார்ந்திருப்பதைக் கண்டு வாசலிலேயே நின்றார். நைனா எழுந்து கையைப் பிடித்து, "வாப்பா, கூச்சப்படாத, நம்ம வூடு மாதிரி நெனச்சுக்க" என்று உபசரித்தார். அக்கா கண்ணைக் காட்டவும், அவர் தன் வீட்டில் விருந்தாளியாக ஓரத்தில் உட்கார்ந்து தன் வாழைப்பழத்தையே நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார்.

தெருவில் தடால் என்று ஒரு சத்தம். மிச்சமிருந்த பக்கச்சுவரும் விழுந்துவிட்டது.

"ஐயோ, என் வூடு!" என்று கத்திக்கொண்டே நைனா வெளியே ஓடினார்.

உள்ளே எல்லாரும் வாசலைப் பார்த்தார்கள். அக்காவின் புருஷன்தான் மெல்லக் கேட்டார்: "அயிதே இதி நா இல்லேனா?" அப்படியானால் இது என் வீடுதானா என்று.

மாப்பிள்ளை வாயில் இருந்த காப்பியைச் சட்டையெல்லாம் துப்பிச் சிரித்தார். எனக்கும் அடக்க முடியவில்லை. நாங்கள் முதன்முதலாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது அப்போதுதான்.

அவர் அம்மா சிரிக்கவில்லை. தெருவைத் தாண்டிப் போய், சுவர் இருந்த இடத்தைச் சுற்றி வந்தார். "பொய் சொல்லிட்டீங்களே" என்றார்.

"வூடு நின்னுகினு இருந்தா சொல்லியிருக்க மாட்டேங்க" என்றார் நைனா, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு.

அந்த அம்மா அக்கம்பக்கம் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எங்க வூட்டு பின்கட்டும் போன மழைக்கு உக்காந்துடுச்சு. பொண்ணு வூட்டுக்காரங்க வந்து பாக்கறதுக்குள்ள எழுப்பிடலாம்னு இருந்தோம்" என்றார்.

கல்யாணம் கோயிலில் நடந்தது, இரண்டு பக்கமும் வீடு இல்லாததால். திருத்தணிக்குப் போன முதல் மழைக்காலம் முழுக்க, பின்சுவருக்குப் பதிலாகக் கட்டியிருந்த ஓலைத் தட்டிக்குப் பின்னால்தான் நான் சமைத்தேன். மாமியார் குடை பிடிப்பார்.