ஒரு வீட்டுக்காக எட்டு வீட்டைச் சுற்றினோம்

இரண்டு வருடங்களுக்கு முன்னால், ஒரு பிப்ரவரி மாதத்தில் எங்கள் அப்பார்ட்மென்ட் வாடகையை ஏற்றிவிட்டார்கள். மார்ச் கடைசிக்குள் புது வாடகைக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் மே கடைசியில் காலி செய்ய வேண்டும். ஏறிய வாடகையைக் கொடுத்தால் மாதா மாதம் சேர்க்கிற பணம் அதிலேயே போய்விடும். வீடு வாங்குவதற்காக ஐந்து வருடமாகச் சேர்த்துக்கொண்டிருந்தோம். நாங்கள் நடக்க நடக்க விலை ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அடுப்படியில் நின்றபடியே, "ஆண்டவரே, இனிமேல் என்னால் ஆகாது" என்று சொன்னேன். அழவில்லை. எனக்கு அழுகை லேசில் வராது. குரல் உடையாமல் சொல்கிற சாட்சியில் அபிஷேகம் குறைவு என்று நினைக்கிறவர்கள் நம் ஜெபக்குழுவிலேயே உண்டு. அவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். என் பெயர் பியூலா. சொந்த ஊர் பாளையங்கோட்டை. இப்போது அமெரிக்காவில், பிளெய்ன்ஸ்பரோவில் இருக்கிறோம். என் கணவர் டேனியல் பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயிலேறி நியூயார்க்குக்கு வேலைக்குப் போகிறவர். என் விசாவில் வேலை செய்ய அனுமதி இல்லை. அதனால் சம்பாதிப்பது அவர் பொறுப்பு, சேர்ப்பது என் பொறுப்பு என்று ஆகிவிட்டது.

சேர்த்தேன். ஹோட்டல் சாப்பாட்டை நிறுத்தினேன். மகள் ரூத்துக்கு ஸ்ட்ரோலரிலிருந்து ஸ்கூல் பை வரைக்கும் யாரோ உபயோகித்ததுதான். முடி வெட்டுவதும் வீட்டிலேயே. டேனியலுக்கு நான் முதல் தடவை வெட்டிவிட்ட பிறகு, மனிதர் கொஞ்ச நாள் ஆபீஸ் மீட்டிங்குகளில் கேமராவை அணைத்தே வைத்திருந்தார். ஊருக்குப் போகவில்லை. என் தம்பி கல்யாணத்தை ஃபோனில் பார்த்தேன். தாலி கட்டுகிற நேரத்தில் சிக்னல் போய்விட்டது. அது வலித்தது, இப்போதும் வலிக்கிறது.

சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கைக் கர்த்தருக்குக் கொடுக்கிற தசமபாகத்தை மட்டும் நிறுத்தவில்லை. வரி பிடிப்பதற்கு முந்தின சம்பளத்தில் கணக்குப் பார்ப்பதா, பிந்தின சம்பளத்திலா என்று எங்களுக்குள் ரொம்ப நாள் வழக்கு நடந்தது. "கர்த்தர் விஷயத்துல கஞ்சத்தனம் பண்ணாத பியூலா" என்று சொல்லி முந்தினதில்தான் என்று டேனியல் ஜெயித்தார். தன் தலை மாதம் ஒருமுறை என் கத்தரிக்குக் கீழே வரும் என்பதை அந்த நேரத்தில் அவர் யோசிக்கவில்லை.

வீடு வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தது அந்தஸ்துக்காக அல்ல. எங்களுக்குக் கீழ் வீட்டில் இருந்தவருக்குச் சத்தம் ஆகாது. ரூத் ஓடினால் கீழேயிருந்து எதையோ வைத்துக் கூரையில் இடிப்பார். "ஓடாதே, மெதுவா நட" என்று சொல்லிச் சொல்லி, அந்தப் பிள்ளை நுனிக்காலில் நடக்கப் பழகிவிட்டாள். பூங்காவுக்குக் கூட்டிப்போனாலும் புல்லில் நுனிக்காலில்தான் நடந்தாள். அப்போது அவளுக்கு ஐந்து வயது. அதைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு வேறு ஜெபக் குறிப்பே இல்லை.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் அப்பார்ட்மென்டுக்குப் பின்னால் இருக்கிற தெருவில் ஒரு வீடு விற்பனைக்கு வந்தது. டவுன்ஹவுஸ். சுவரோடு சுவராக ஒட்டிய எட்டு வீடுகள் ஒரே வரிசையில் இருக்கும். அதில் நடு வீடு. விலை எங்கள் சேமிப்புக்கு எட்டும் எட்டாது என்ற இடத்தில் நின்றது. வெள்ளிக்கிழமை ஜெபத்தில் நான் குறிப்பைச் சொன்னதும், குழுவை நடத்துகிற ஸ்டெல்லா ஆன்ட்டி கண்ணை மூடித் திறந்து சொன்னார்கள்: "எரிகோ ஜெபம் பண்ணுங்க. ஆறு நாள் ஒவ்வொரு சுத்து. ஏழாம் நாள் ஏழு சுத்து. ஊர்ல நாங்க வாங்குன நிலம் எல்லாம் அப்படி வாங்குனதுதான்."

வேதாகமத்தில் எரிகோக் கோட்டையைச் சுற்றி வந்தபோது மதில் விழுந்ததே, அதை நம்பி இடத்தைச் சுற்றி நடந்து ஜெபிப்பது நம் ஊரில் வழக்கம்தான். காலி மனைக்கு அது சரி. ஒட்டிக்கொண்டிருக்கிற வரிசையில் நடு வீட்டை மட்டும் எப்படிச் சுற்றுவது? முன்வாசலுக்கும் பின்வாசலுக்கும் இடையில் பக்கத்து வீட்டுச் சுவர்தான் இருக்கிறது. முதல் நாள் சாயங்காலம் நடைபாதையில் நின்று நானும் டேனியலும் இதைத் தீவிரமாக விவாதித்தோம்.

"மொத்தமா சுத்திருவோம். ஆண்டவருக்குத் தெரியாதா எந்த வீடுன்னு?" என்றார் டேனியல்.

அப்படியே எட்டு வீட்டையும் சுற்றினோம். பிப்ரவரிக் குளிர். தலையையும் காதையும் மூடி, கண்ணும் மூக்கும் மட்டும் வெளியே தெரிய, வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு, டேனியல் ரயிலில் வந்து இறங்கிய பிறகு தினமும் இருட்டும் நேரத்தில் நடந்தோம். ரூத்துக்கு மட்டும் இது திருவிழா. ரோஸ் கலர் ஜாக்கெட் போட்டுக்கொண்டு முன்னால் போவாள்.

ஏழாம் நாள் நான்காவது சுற்றில் போலீஸ் வந்தது.

கார் விளக்கு சுழல்வதைப் பார்த்ததும் ரூத்தை இழுத்து என் பக்கத்தில் நிறுத்திக்கொண்டேன். விசாவில் இருக்கிறவர்களுக்குத் தெரியும், கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கிற வீட்டில் போலீஸ் என்ற வார்த்தையைக்கூட வாயால் சொல்ல மாட்டோம். தினமும் சாயங்காலம் யாரோ வீடுகளை நோட்டம் விடுகிறார்கள் என்று புகார் வந்திருக்கிறது என்றார் அந்த அதிகாரி. மரியாதையாகத்தான் கேட்டார். இதில் எது உங்கள் வீடு? எதுவும் இல்லை. பிறகு என்ன செய்கிறீர்கள்? டேனியல் தொண்டையைச் செருமிக்கொண்டு, பிரேயர், ஆஃபீசர், என்று ஆரம்பித்தார். அதற்குள் என் மகள் முந்திக்கொண்டாள்.

"வீ ஆர் மேக்கிங் த வால்ஸ் ஃபால் டவுன்!"

அந்த அதிகாரிக்கு ஞாயிறு பள்ளிக்கூடம் போன பழக்கம் இருந்திருக்க வேண்டும். ரூத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டார். இனிமேல் வீட்டிலிருந்தே ஜெபியுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். மூன்று சுற்று பாக்கி இருந்தது. நாங்கள் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு வந்தோம்.

அடுத்த வாரம் நடு வீடு வேறொருவருக்குப் போயிற்று. எங்களைவிட அதிக விலைக்குக் கேட்டு, முழுப் பணத்தையும் ரொக்கமாகக் கொடுக்கிறவராம். பாக்கி மூன்று சுற்றினால்தான் போயிற்று என்று ஸ்டெல்லா ஆன்ட்டி சொல்லவில்லை. ஆனால் அப்படி நினைத்தார்கள் என்பது அவர்கள் ஃபோனில் விட்ட பெருமூச்சில் தெரிந்தது. எனக்கோ போலீஸைக் கூப்பிட்டவர் யார் என்று தெரியாமலே அவர்மேல் அப்படி ஒரு கோபம். வெள்ளிக்கிழமை ஜெபத்துக்குப் போவதை நிறுத்தினேன். வீட்டிலும் ஜெபிக்கவில்லை. "டெக்சாஸ் பக்கம் போயிடலாமா? அங்க வீடு மலிவு" என்று டேனியல் கேட்டார். கிரீன் கார்டு இந்தக் கம்பெனி மூலமாகப் போட்டது, விட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று அவருக்கே தெரியும். ஆறுதலுக்காகக் கேட்டார்.

மார்ச் நடுவில் ஒரு சனிக்கிழமை, இந்தியக் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு அம்மா வந்து நின்று ரூத்தின் ரோஸ் ஜாக்கெட்டையே பார்த்தார்கள். அறுபத்தைந்து வயது இருக்கும். நெற்றியில் விபூதி, கோயம்புத்தூர்ப் பேச்சு.

"ஏனுங் கண்ணு, போன மாசம் எங்க வீட்டு வரிசையச் சுத்திச் சுத்தி வந்தது நீங்கதானுங்களா?"

முருங்கைக்காயைக் கீழே வைத்தேன். ஆமாம் என்றேன்.

"போலீஸக் கூப்பிட்டது நாந்தானுங்க."

இத்தனை நாள் மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்த பேச்சைத் தொடங்கப் பார்த்தேன். அதற்குள் அவர்களே தொடர்ந்தார்கள். "நம்மாளுக வீட்டுல நகை இருக்கும்னு நோட்டம் பாத்துத் திருடறாங்கன்னு வாட்ஸப்புல ஒரே மெசேஜு. முகத்த மூடிட்டு வேற வந்தீங்களா, பயந்துட்டேன். ஜன்னல்ல பாத்தா போலீஸ்காரரு சிரிக்கறாரு, கொழந்த குதிக்குது. ஐயோ, நம்ம ஊர்ப் புள்ளைகளாட்ட இருக்குதேன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. அன்னிக்கு எனக்குத் தூக்கமே இல்லீங் கண்ணு. எதுக்குச் சுத்துனீங்க?"

"வீடு கிடைக்கணும்னு ஜெபம் பண்ணிட்டுச் சுத்துனோம் ஆன்ட்டி."

"அட, அதத்தானா! நானும் எங்கூர்க் கோயில்ல எத்தன சுத்துச் சுத்தியிருப்பேன்!"

எரிகோவுக்கும் கோயில் பிரகாரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்க வாயெடுத்தேன். பிறகு விட்டுவிட்டேன்.

அவர்கள் பெயர் ஈஸ்வரி. பரிகாரமாகக் காப்பி குடித்தே ஆக வேண்டும் என்று கையோடு கூட்டிப்போய்விட்டார்கள். அந்த எட்டு வீட்டு வரிசையில் கடைசி வீடு அவர்களுடையது. அவர்கள் வீட்டு அங்கிளுக்கு மூட்டு வலி, படி ஏற முடியவில்லை. மகன் ஹூஸ்டனில் இருக்கிறார், அங்கேயே வந்துவிடச் சொல்கிறார். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது ரூத் என் காதில், கீழே யார் இருக்கிறார்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். யாரும் இல்லை, மண்தான் என்றேன். அவள் ஒரு தடவை காலைத் தொப்பென்று வைத்துப் பார்த்தாள். யாரும் இடிக்கவில்லை. இன்னொரு தடவை வைத்தாள். பிறகு ஹாலுக்கும் சமையலறைக்கும் இடையே அவள் ஓடிய ஓட்டத்தில் ஷெல்ஃபில் இருந்த டம்ளர்கள் ஆடின. நான் எழுந்தேன். "உடுங் கண்ணு, ஓடட்டும்" என்றார்கள் ஈஸ்வரி ஆன்ட்டி.

அடுத்த வாரம் அவர்களே கூப்பிட்டு, தங்கள் வீட்டை எங்களுக்கே விற்கலாம் என்று இருப்பதாகச் சொன்னார்கள். ஏஜென்ட் வைத்தால் கொடுக்க வேண்டிய பணத்தை எங்களுக்கு விலையில் கழித்துத் தருவதாக அங்கிள் சொன்னார். நானும் டேனியலும் கணக்குப் போட்டுப் பார்த்தோம். எட்டியது. இழுத்துப் பிடித்தால் எட்டியது. ஆனால் மறுநாளே ஹூஸ்டனிலிருந்து மகன் தடுத்தார். மார்க்கெட்டில் விட்டால் இன்னும் நிறையக் கிடைக்கும், முன்பின் தெரியாதவர்களுக்கு ஏன் குறைத்துக் கொடுக்க வேண்டும் என்று கேட்டாராம். அவர் கேட்டது நியாயம். என் தம்பியாக இருந்தால் நானும் அதைத்தான் சொல்லச் சொல்லியிருப்பேன். ஈஸ்வரி ஆன்ட்டி, "யோசிச்சுச் சொல்றோம் கண்ணு" என்று ஃபோனை வைத்தார்கள். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

அன்றைக்கு நான் மறுபடியும் முழங்காலில் நின்றேன். நடக்கவில்லை, சத்தமிடவில்லை. "பிள்ளை ஓடினதை நீர் பார்த்தீர். எனக்கு அதற்குமேல் சொல்லத் தெரியவில்லை" என்று மட்டும் சொன்னேன். முழங்காலில் நின்று நான் செய்ததிலேயே அதுதான் சின்ன ஜெபம். எழுந்தபோது பயம் போயிருந்தது. வீடு கிடைக்கும் என்று தோன்றியதால் அல்ல. கிடைக்காவிட்டாலும் அவரோடு எனக்குப் பேச்சு உண்டு என்று ஆகிவிட்டது, அதனால்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து காரில் வரும்போது ஃபோன் வந்தது. "உங்களுக்குத்தான் கண்ணு" என்றார்கள். டேனியல் காரை ஓரமாக நிறுத்திவிட்டு ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

மே மாதத்தில் சாவி எங்கள் கைக்கு வந்தது. சாவி கொடுக்கிற அன்று ஈஸ்வரி ஆன்ட்டி என்னை மாடிக்குக் கூட்டிப்போய், சுவரோரம் ஒரு சின்ன இடத்தைக் காட்டினார்கள். சாமி படங்களைக் கழற்றியிருந்தார்கள். ஆணி மட்டும் இருந்தது.

"இங்கதான் தெனமும் கும்புடுவேன். நீங்க வேற சாமின்னு தெரியும். இங்க செருப்பு மட்டும் வெக்காதீங்க கண்ணு, அது போதும்."

வைக்க மாட்டேன் என்றேன். பிறகு, மகன் சொல்லியும் ஏன் எங்களுக்குக் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். அவர்கள் சுவரைத் தடவிக்கொண்டே சொன்னார்கள்.

"இந்த வீட்ட விக்கணும்னு முடிவான அன்னிக்கு எனக்கு மனசே ஆறல. கண்டவங்களும் வந்து பாத்துட்டுப் போறது எனக்குப் புடிக்கல. கொழந்த இருக்கற வீட்டாளுக, நம்ம மாதிரி கும்புடறவங்க கைக்குப் போகோணும்னு இங்க நின்னு வேண்டுனேன். வேண்டிட்டு ஜன்னல்ல பாத்தா, அன்னிக்கும் நீங்க மூணு பேரும் நடந்துட்டு இருக்கீங்க. ஒடனே போலீஸக் கூப்பிட்டேன்."

சொல்லிவிட்டு அவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ரொம்ப நேரம் இருவரும் அந்தச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

வீட்டுப் பிரதிஷ்டைக்கு வந்த ஸ்டெல்லா ஆன்ட்டி, அந்த இடத்தில் எண்ணெய் பூசி விசேஷமாக ஜெபிக்க வேண்டும் என்றார்கள். வேண்டாம் ஆன்ட்டி என்று சொல்லிவிட்டேன். அவர்களுக்கு அதில் வருத்தம்தான். யாருடைய ஜெபத்தை ஆண்டவர் கேட்டார் என்று யாராவது என்னிடம் கேட்டால், எனக்கு ஒன்றுதான் தெரியும். நான் வெளியே குளிரில் முணுமுணுத்ததைக் கேட்டவருக்கு, உள்ளே ஒரு அம்மா வேண்டியதும் கேட்டிருக்கும். இப்போது நாங்கள் குடும்பமாக முழங்கால் போடுவது அங்கேதான்.

இன்னும் சேர்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். கடன் நீளம். டேனியல் தலை இன்னும் என் கையில்தான். ஆனால் பழைய பயம் இல்லை. போன டிசம்பரில் ஊருக்குப் போய், தம்பி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

வாடகையோடும் விசாவோடும் மல்லுக்கட்டிக்கொண்டு இதைப் படிக்கிற பிள்ளைகளே, சேருங்கள், கணக்குப் போடுங்கள், அதோடு அவரிடம் கேளுங்கள். சுற்றித்தான் கேட்க வேண்டும் என்று தோன்றினால் சுற்றுங்கள், அக்கம்பக்கத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் சுற்றுங்கள். உங்கள் மூன்று சுற்று பாக்கி நின்றாலும் பயப்படாதீர்கள். ஜன்னலுக்கு உள்ளே யார் நின்று என்ன வேண்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும்.