மெட்டிக்கு வைத்த ஜூம்

பாரிசிலிருந்து லீவில் வந்த அத்தான் எனக்கு ஒரு ஜூம் லென்ஸ் கொண்டுவந்தார். எண்பதுகளின் தொடக்கம் அது. காரைக்காலில் என் ஸ்டுடியோவில் அதுவரை இருந்தது ஒரே ஒரு ஐம்பது எம்.எம். லென்ஸ்தான். கூட்டமாக எடுக்க வேண்டுமென்றால் பின்னாலேயே நடக்க வேண்டும். அப்படி நடந்து, ஒரு கல்யாணத்தில் ரச அண்டாவுக்குள் உட்காரப் பார்த்தவன் நான். ஜூமில் அந்த வம்பே இல்லை. வளையத்தை முன்னே தள்ளினால் கூட்டம் முழுக்க வரும், பின்னே இழுத்தால் முகம் மட்டும் பெரிதாக வரும். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரே ஒரு கோளாறு. கேமராவைக் கீழே சாய்த்தால் வளையம் தன் பாரத்தில் தானாகவே முன்னே வழுக்கிவிடும். அதற்கு சைக்கிள் ட்யூபில் ஒரு துண்டு வெட்டி இறுக்கமாக மாட்டி வைத்திருந்தேன்.

மண்டபத்தூரில் ஒரு கல்யாணம். முந்தின நாள் சாயங்காலமே பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“அண்ணே, எங்கப்பாவும் சித்தப்பாவும் ஒரே போட்டோவுல இருக்கணும். எப்படியாச்சும் எடுத்துக் குடுத்துடுங்க. நான் பம்பாய்க்குப் போறேன், இனிமே எப்ப வருவேனோ.”

அண்ணன் தம்பி இருவரும் பேசி நாலு வருஷம். அண்ணனின் வலையைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு கடலுக்குப் போன தம்பி, அதைக் கிழித்துக்கொண்டு வந்ததில் ஆரம்பித்த சண்டை.

“இதென்ன பிரமாதம்? ஜூம் இருக்கும்மா எங்கிட்ட” என்றேன். வாய்க்கொழுப்பு, வேறென்ன?

மறுநாள் அப்பா மேடை ஏறினால் சித்தப்பா இறங்கினார். சித்தப்பா பந்தல்கால் ஓரம் நின்றால் அப்பா சமையல் பக்கம் போனார். அவர்களைத் துரத்தித் துரத்தி ஜூமைத் தள்ளி இழுத்ததில் ட்யூப் இடைஞ்சலாக இருந்தது. கழற்றிச் சட்டைப்பையில் போட்டேன். லென்ஸ் என்ன செய்யும், ஆள் நின்றால்தானே? பெண் மணவறையிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

மெட்டி போடும் நேரம். “காலு மட்டும் பெருசா விழணும்ப்பா, மெட்டி பளிச்சுனு தெரியணும்” என்றார் பெண்ணின் அம்மா. மணலில் போட்ட பந்தல். அம்மியைச் சுற்றிச் சொந்தக்காரர்கள் குவிந்துவிட்டார்கள்; உள்ளே நுழைய வழியில்லை. வளையத்தை நன்றாகப் பின்னே இழுத்து வைத்து, கேமராவைத் தலைகளுக்கு மேலே தூக்கிக் கீழே சாய்த்து, குத்துமதிப்பாக ஒரு க்ளிக். உள்ளே “புடி, புடி” என்று ஒரே சத்தம். அத்தோடு ரோலும் தீர்ந்தது.

கார் ஏறும்போது, “எடுத்தீங்களாண்ணே?” என்றாள் பெண். தலையைச் சொறிந்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏறிவிட்டாள். வெட்கமாகப் போய்விட்டது எனக்கு.

கலர் ரோல் மெட்ராஸ் போய் வரப் பத்து நாள். மெட்டிப் படத்தைப் பார்த்ததும் “போச்சுடா!” என்றேன். கால் இத்துனூண்டு. ட்யூப் சட்டைப்பையில் இருந்தால் வளையம் வழுக்காமல் என்ன செய்யும்? சுற்றியிருந்த அத்தனையும் படத்தில் விழுந்திருந்தது. என்னை நானே திட்டிக்கொண்டு உற்றுப் பார்த்தேன். மணலில் அம்மி ஒருபக்கம் சாய்ந்திருக்கிறது. இந்தப் பக்கம் அப்பா குனிந்து இரண்டு கையாலும் அதைப் பிடித்திருக்கிறார். அந்தப் பக்கம் சித்தப்பா, ஒரு கையால் அம்மியையும் மறு கையால் பெண்ணின் காலையும் தாங்கியிருக்கிறார். இருவர் நெற்றியும் முட்டாத குறை. மாப்பிள்ளைக்குத் தலைமுடி மட்டும்தான் விழுந்திருந்தது. அட என் தங்க லென்ஸே! ஸ்டுடியோவில் தனியாகக் குதித்தேன்.

படங்களை வாங்க அப்பா வந்தார். அந்தப் படத்தை மட்டும் வெகுநேரம் பார்த்தார்.

“ஏம்ப்பா, இதுல அவன வெட்டிட்டுப் போட முடியுமா?”

சுர்ரென்று கோபம் ஏறியது எனக்கு. “தாராளமா வெட்டலாங்க. ஆனா அவரு கை உங்க பொண்ணு காலப் புடிச்சிருக்கு. அந்தக் காலையும் சேத்துத்தான் வெட்டணும். வெட்டட்டுமா?”

அவர் படத்தை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் மறுபடி பார்த்தார்.

“முழுசாவே போடு. மூணு போடு.”

“சரிங்க. பொண்ணுக்கு ஒண்ணு, உங்களுக்கு ஒண்ணு. மூணாவத நானே அவருகிட்ட கொண்டுபோய்க் குடுத்துடறேன்.”

“நீ ஏன் குடுக்கற?” என்று என்மேல் பாய்ந்தார். “என் தம்பிக்கு நான் குடுத்துக்கறேன்.”