படிவத்தின் ஏழாம் கட்டத்தில் நான் எழுதியது

சித்தூர் கோர்ட்டில் நான் நகல் எடுக்கும் குமாஸ்தா. மூலத்தில் ஓர் அடித்தல் இருந்தால் அதையும் அடித்தலாகவே எழுதி, ஓரத்தில் கையொப்பம் வைப்பேன். பதினெட்டு வருஷமாக நாட்குறிப்பும் எழுதி வருகிறேன். எல்லைத் தகராறு தீர்ந்து எல்லோரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்ட பிறகு, என் மகளின் பேச்சுப் போட்டியைப் பற்றிய பக்கங்களை மறுபடி எடுத்துப் படித்தேன். நேரம், ஆட்கள், அவர்கள் சொன்ன வார்த்தைகள் எல்லாம் சரியாக இருக்கின்றன. நான் செய்த காரியத்துக்குக் காரணம் மட்டும் எந்தப் பக்கத்திலும் இல்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

அந்த வருஷம் அவள் எஸ்.எஸ்.எல்.சி., தமிழ் வழிப் பிரிவு. தை மாதத்தில் ஒரு நாள் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு படிவம் கொண்டு வந்தாள். திருப்பதியில் ஒரு சங்கத்தார் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பேச்சுப் போட்டி வைத்திருந்தார்கள். பொருள், அரசியல் சட்டமும் குடிமகனும். தெலுங்கில் ஒருவருக்கும் தமிழில் ஒருவருக்கும் திருப்பதியில் இரண்டு வருஷக் கல்லூரிப் படிப்பும் விடுதிச் சாப்பாடும் இலவசம். என் சம்பளத்தில் அவளை விடுதியில் வைத்துப் படிக்கவைக்க முடியாது என்பது அவளுக்கும் தெரியும். பரிசு கிடைத்தால் கல்லூரி. கிடைக்காவிட்டால் வைகாசியில் கல்யாணம். என் மனைவியின் அண்ணன் தன் மகனுக்கு அவளைக் கேட்டு இரண்டு தடவை வந்து போயிருந்தார்.

படிவத்தில் ஏழு கட்டங்கள். பெயர், பள்ளி, வகுப்பு, வயது, தகப்பன் பெயர், தகப்பன் உத்தியோகம். ஏழாவது, வீட்டில் பேசும் மொழி.

அந்த ஏழாவது கட்டத்தைப் பார்த்ததும் படிவத்தைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தேன். அச்சகத்தின் பெயர் இல்லை. குடிமகனைப் பற்றிப் பேச வரும் பிள்ளையின் வீட்டு மொழி இவர்களுக்கு எதற்கு? அதுவும் தகப்பன் உத்தியோகத்துக்கு அடுத்த கட்டத்திலேயே எதற்கு? அப்போது ஊர் ஊராக ஆட்கள் வந்து எந்த வீட்டில் எந்த மொழி என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள். எந்தக் கிராமம் ஆந்திராவில் இருக்க வேண்டும், எது மதராஸுக்குப் போக வேண்டும் என்று இரண்டு தரப்பும் பட்டியல் போட்டு ஜாபிதா தயாரித்துக்கொண்டிருந்தன. காப்பிக் கடையில் பெயர் கேட்டால்கூட ஜனங்கள் யோசித்துச் சொன்ன காலம்.

பெண் கேட்டு வந்துபோன அந்த மச்சானுக்கு நகரிப் பக்கத்தில் விவசாயம். எல்லை விஷயமாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டு அலைந்தவர், அன்று எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னா மாப்ள, அந்தக் காகிதத்த வெளிச்சத்துல காட்டிக் காட்டிப் பாக்கற? கள்ள நோட்டா?"

விஷயத்தைச் சொன்னேன்.

"தமிழுன்னு பெர்சா எழுது. அவுனுங்க தல தலையா எண்ணிக்கினு கீறானுங்க. ஒரு தல கொறஞ்சாலும் நமக்குத்தான் நஷ்டம்."

"ஏன் மாமா, நான் வெறுந் தலதானா? எனக்கு வாய் இல்லையா?" என்றாள் மகள்.

"ஒனக்கா? வாய எண்ணச் சொன்னா ஒன்ன ரெண்டா எண்ணுவானுங்க. சோத்தப் போடுடி."

அவர் எல்லைக்காகச் சொல்கிறாரா, மகனுக்காகச் சொல்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. தமிழ் என்று எழுதி அதனாலேயே பெயர் அடிபட்டுப்போனால் வைகாசிக் கல்யாணம் நிற்காது. அவர் மோர் விட்டுச் சாப்பிட்டு முடிக்கும்வரை முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் பிடிபடவில்லை.

மறுநாள் ஆபீஸில் பக்கத்து மேஜைக்காரரிடம் காட்டினேன். அவர் ரிக்கார்டு கட்டுகளைப் பார்த்துக்கொள்கிறவர், தெலுங்கர், பத்து வருஷமாகத் தன் டம்ளர் காப்பியில் பாதியை எனக்குக் கொடுப்பவர்.

"வம்பு எதுக்கண்டி? தெலுகுனு ராசேயண்டி, எழுதிடுங்க," என்றார். "இங்க உத்யோகம் பண்றீங்க. நாளைக்கி இந்தக் காகிதம் எவன் கைக்கிப் போவுதோ, எவுரிக்கி தெலுசு?"

அவர் சாதாரணமாக உரத்துப் பேசுகிறவர். இதை மட்டும் குரலைத் தாழ்த்திச் சொன்னார். அதனால்தான் நம்பினேன்.

அன்று சாயங்காலம் அவள் சமையலறை வாசற்படியில் நின்று பேசிப் பழகினாள். நான் கூடத்தில் மேஜையருகே உட்கார்ந்திருந்தேன்.

"நைனா, கேக்கறியா?"

"கேக்கறேன், பேசு."

"இந்தியாவில் குடியுரிமை ஒன்றுதான். ராஜ்யத்துக்கு ஒரு குடியுரிமை கிடையாது. அரசாங்கத்தின் உதவி பெறும் எந்தக் கல்விச்சாலையும் மொழியைக் காரணம் காட்டி ஒரு பிள்ளைக்கு இடம் மறுக்கக் கூடாது..." சட்டென்று பேச்சை நிறுத்திவிட்டு, "அப்ப மாமா ஏன் நாம்ப எந்தப் பக்கம், எந்தப் பக்கம்னு கேட்டுக்கினே கீறாரு?" என்றாள்.

"அது வேற விஷயம்."

"எப்பிடி வேற?"

"நீ பேசு."

அவள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே, தீர்ப்பு நகல் எழுதும் கையெழுத்தில், ஏழாம் கட்டத்தில் தெலுங்கு என்று எழுதி மையொற்றினேன். உறையை ஒட்டிய பிறகுதான் அவளிடம் கொடுத்தேன். எந்த மொழியில் பேசுகிறாள் என்பதை மேடையில் சொல்லிக்கொள்ளலாம், ஏழாம் கட்டம் எல்லைக் கணக்குக்கு என்று எனக்குள் ஒரு தீர்மானம். யாரும் எனக்கு அப்படிச் சொல்லவில்லை.

மாசி மாதம் ஒரு சனிக்கிழமை இருவரும் ரயிலில் போனோம். பாகாலா வரை ஜன்னலில் வெல்லம் காய்ச்சும் வாசனை வந்துகொண்டிருந்தது. எதிர் இருக்கையில் மலைக்குப் போகும் ஒரு குடும்பம். அவர்கள் எந்த ஊர் என்று கேட்டபோது, "சித்தூர்" என்பதோடு நிறுத்திக்கொண்டேன். மகள் தன் குறிப்பு நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

போட்டி ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில். மேடையில் மூன்று நடுவர்கள், ஒரு மணி, சீட்டுகள் போட்ட ஒரு பித்தளைச் சொம்பு. தலைப்பை அதிலிருந்து எடுத்து ஏழு நிமிஷம் பேச வேண்டும். சொம்பை வைத்திருப்பவர் விரலால் சீட்டை நகர்த்துகிறாரா என்று பார்க்க வசதியான இடமாகத் தேடி உட்கார்ந்தேன். கைக்கடிகாரத்தைக் கழற்றித் தொடைமேல் வைத்துக்கொண்டேன்.

ஒவ்வொரு மொழிக்கும் ஒரு பெஞ்சு வரிசை போட்டு, பெயர் வாசித்துப் பிள்ளைகளை உட்காரவைத்தார்கள். தெலுங்கு வரிசை நிரம்பி, இரண்டு பிள்ளைகள் நின்றுகொண்டிருந்தார்கள். தமிழ் வரிசையில் ஒரே ஒரு பெண். அவள் எங்கள் ஜில்லாவிலேயே குப்பம் என்ற ஊரிலிருந்து வந்தவள் என்று பிறகு தெரிந்தது. இன்னும் ஒருவர் வரவேண்டும் என்றார்கள். அவர் கடைசிவரை வரவில்லை. தெலுங்கு வரிசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பெற்றோர்களில் பாதிப்பேர் தங்களுக்குள் தமிழில் கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்கள்.

என் பக்கத்தில் இருந்தவர் நாராயணவனத்துக்காரர், தறி வைத்திருப்பவர்.

"நீங்களும் தெலுங்குன்னுதான் போட்டீங்களா?" என்றார்.

நான் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தேன்.

"அட சொல்லுங்க. தமிழுன்னு போட்டா பேர அடிச்சிடுவானுங்கன்னு எங்க ஊர்ல சொன்னாங்க. உங்க ஊர்லயும் சொல்லியிருப்பாங்க. இங்க வந்து பாத்தா அந்தப் பொண்ணு ஒண்டியா குந்திக்கினு கீது. யாருன்னா அடிச்சாங்களா அது பேர?"

அப்போதுதான் காரியதரிசி மேடைக்கு வந்தார். வயதான வக்கீல். பிள்ளைகள் அவரவர் வீட்டு மொழியில் பேசினால்தான் மனத்தில் இருப்பதைச் சொல்வார்கள் என்று ஏழாம் கட்டத்தைப் பார்த்து இரண்டு ஜாபிதா பிரித்திருப்பதாகவும், எந்த ஜாபிதாவோ அந்த மொழியில் பேச வேண்டும் என்றும் இரண்டு மொழியிலும் அறிவித்தார்.

மகள் தெலுங்கு வரிசையின் நடுவில் இருந்தாள். திரும்பி என்னைப் பார்த்தாள். சித்தூரில் வளர்ந்த பெண்ணுக்குத் தெலுங்கு தெரியாமலில்லை. கடையில் பேரம் பேசுவாள், பக்கத்து வீட்டில் கதை பேசுவாள். உரிமை, கடமை, சட்டத்தின் முன் சமம் என்பதையெல்லாம் அவள் தமிழில்தான் படித்திருந்தாள்.

நான் எழுந்து காரியதரிசியிடம் போனேன். அவள் பின்னாலேயே வந்து நின்றாள்.

"ஜாபிதாவுல பொண்ணு பேரு மாறியிருக்குது," என்றேன்.

அவர் கட்டைப் பிரித்துப் படிவத்தை எடுத்தார். "இது யாரு கையெழுத்து? ரொம்ப அழகா இருக்குதே."

"என்னுது."

"அப்போ மாறல. நீங்கதான் மாத்தி எழுதியிருக்கீங்க." சிரித்துக்கொண்டே ஒரு வெள்ளைத் தாளை நகர்த்தினார். "பரவால்ல. வீட்டு மொழி தமிழ்தான், தெலுங்குன்னு எழுதினது சரியில்லன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்க. பொண்ண அந்தப் பக்கம் உட்காரவெக்கிறேன். ரெண்டு நிமிஷ வேல."

பேனாவைத் திறந்து தேதி போட்டேன். பெறுநர் என்று எழுதினேன். அதற்கு மேல் கை போகவில்லை.

"இந்தத் தாள் எங்க போவும்?"

"எங்க போவும்? இந்தக் கட்டோட இருக்கும்."

"கட்டு எங்க போவும்?"

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "ஐயா எந்த ஆபீசுல வேல பாக்கறீங்க?"

படிவத்தின் ஆறாம் கட்டத்தில் அது எழுதியிருந்தது. தெரிந்துகொண்டே கேட்கிறார் என்று தோன்றியது. கோர்ட்டு குமாஸ்தா பொய்யாக எழுதிக் கொடுத்தேன் என்று தன் கையாலேயே ஒப்புக்கொண்ட தாள் ஒருவருடைய மேஜையில் இருப்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட தாள்களை நகல் எடுப்பதுதான் என் வேலை.

மேடையில் மணி அடித்தார்கள். முதல் பெயரைக் கூப்பிட்டார்கள். அடுத்த பெயர் அவளுடையது.

"நைனா, எழுதறியா இல்லியா?"

"இரு, கொஞ்சம் யோசிக்கறேன்."

"முன்னயே யோசிச்சிருக்கணும்." என் கையிலிருந்த பேனாவைப் பார்த்தாள். "உடு. நான் தெலுங்குலயே பேசிட்றேன்."

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அவள் போய் உட்கார்ந்துவிட்டாள்.

சொம்பிலிருந்து அவள் எடுத்த சீட்டு, நாட்டின் எந்தப் பகுதியிலும் குடியிருக்கும் உரிமை. தமிழில் அவள் நன்றாகத் தயாரித்திருந்த பகுதி அது. முதல் இரண்டு நிமிஷம் தடங்கல் இல்லை. பாகாலா ஸ்டேஷனில் வண்டி மாறும் ஜனங்கள் டிக்கெட்டைத்தான் காட்டுகிறார்கள், எந்த மொழி என்று யாரும் கேட்பதில்லை என்றாள். மண்டபம் சிரித்தது, ஒரு நடுவரும் சிரித்தார். அதற்குப் பிறகு சட்டத்தைச் சொல்ல வேண்டிய இடம் வந்தது. ஒரு வாக்கியத்தைத் தெலுங்கில் ஆரம்பித்துத் தமிழில் முடித்தாள். அதை விட்டுவிட்டு வேறொன்றை ஆரம்பித்து அதையும் நிறுத்தினாள். மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தெலுங்கில் அந்த வார்த்தையைத் தேடினாள். யாரும் அவசரப்படுத்தவில்லை. கும்பிட்டுவிட்டு இறங்கினாள். என் கடிகாரத்தில் நாலு நிமிஷம் பத்து விநாடி.

மற்ற எல்லோருக்கும் நேரம் குறித்தேன். ஒருவருக்காவது ஒரு நிமிஷம் அதிகம் கொடுத்திருந்தால் கேட்கலாம் என்று இருந்தேன். அத்தனை பேருக்கும் ஏழு நிமிஷத்தில் மணி அடித்தது. தெலுங்குப் பரிசு திருப்பதிப் பெண் ஒருத்திக்குப் போயிற்று. அவள் நன்றாகவே பேசினாள். குப்பத்துப் பெண் பயந்து பயந்து, பாடத்தை ஒப்பிப்பதுபோல ஒப்பித்தாள். தமிழ்ப் பரிசு அவளுக்கு.

"அடப்பாவமே," என்றார் நாராயணவனத்துக்காரர். அவர் மகளும் தோற்றிருந்தாள். "நாம்ப எல்லாரும் ஒரே பக்கமா ஓடி வந்து ஒருத்தர ஒருத்தர் மிதிச்சிக்கினோமே."

திரும்பும் ரயிலில் மகளுக்கு வடை வாங்கிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, சாப்பிடாமல் நோட்டின்மேல் வைத்துக்கொண்டாள். பாகாலா தாண்டியதும், "குப்பத்துப் பொண்ணு நைனாவும் கவர்மெண்டு உத்யோகந்தான். ஸ்கூல் வாத்தியாரு. கேட்டேன்," என்றாள்.

வீட்டில் மச்சான் காத்திருந்தார். நடந்ததைக் கேட்டுவிட்டுத் தொடையில் தட்டினார். "கோர்ட்டு குமாஸ்தா! ஊரான் பேரெல்லாம் சரியா எழுதுவ, பெத்த பொண்ணுக்கு வந்தா மாத்தி எழுதுவ. சரி போ, வைகாசியில ஒரு தேதி பாக்கலாமா?"

என் மனைவி உள்ளிருந்தபடியே, "பொண்ணு வாய் தொறந்து சொல்லட்டும் அண்ணா. அதுக்கு முன்ன தேதி கீதின்னு யாரும் பேச வேணாம்," என்றாள். யாரும் என்பது என்னையும் சேர்த்துத்தான்.

பங்குனியில் ஒரு தபால் உறை வந்தது. போட்டி முடிந்ததால் படிவத்தை உரியவருக்கே திருப்பி அனுப்புவதாகக் காரியதரிசி ஒரு வரி எழுதியிருந்தார். படிவத்தைப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன். வெளிச்சத்தில் பிடித்தும் பார்த்தேன். எந்த ஆபீஸ் முத்திரையும் இல்லை, வரிசை எண் இல்லை, பென்சில் குறிகூட இல்லை. நகல் எடுத்து வைத்துக்கொண்டிருப்பார்கள் என்று அன்று நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன். அடுத்த நாள் அந்த வரியை அடித்து, ஓரத்தில் கையொப்பம் வைத்திருக்கிறேன்.

எல்லை முடிவு வந்தபோது திருத்தணி மதராஸ் பக்கம் போயிற்று, சத்தியவேடு எங்கள் ஆந்திரா பக்கம் வந்தது. மச்சானின் நிலம் இருந்த இடத்திலேயே இருந்தது. அவர் மகனுக்கு வேறு இடத்தில் பெண் எடுத்தார்கள்.

மகள் அதற்கு முன்பே, பரீட்சை முடிவு வந்த வாரத்தில், சித்தூரிலேயே ஆசிரியர் பயிற்சிப் பள்ளிக்கு ஒரு படிவம் வாங்கி வந்திருந்தாள். வழக்கம்போல மேஜையைத் துடைத்து, புது நிப்பு மாற்றி, உட்கார்ந்தேன்.

"வேணாம் நைனா. எழுதிட்டேன். நீ கையெழுத்து மட்டும் போடு."

படிவத்தின்மேல் ஒரு நோட்டை வைத்து மறைத்து, தகப்பன் கையொப்பம் என்ற இடத்தை மட்டும் வெளியே விட்டிருந்தாள். படித்துப் பார்க்காமல் எதிலும் நான் கையெழுத்துப் போட்டதில்லை. நோட்டின் ஓரத்தைத் தொட்டேன். அவள் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

போட்டேன். மை காயும்வரை அவள் என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.