மனேஜரின் கண்ணால் ஒருமுறை

தனலெட்சுமி அக்கா போய்விட்டார் என்ற செய்தி மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்தது. காய்ச்சல்தானே, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்து மெஷினில் இருந்து தைப்பார் என்றே நினைத்திருந்தேன். சாப்பாட்டுப் பார்சலை மூடி வைத்தேன். அழுதபடியே எங்கள் தொழிற்சங்கத்தின் முகநூல் பக்கத்தில் அவருடைய படத்தைப் போட்டேன். அந்தப் பக்கத்தில் வந்த முதல் முகம் அது.

பக்கத்தைத் தொடங்கியவரே அக்காதான். முகம் போடக்கூடாது என்பது அவருடைய சட்டம். சங்கத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஆடைத் தொழிற்சாலை அலுவலகத்துக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். குடிதண்ணீர் கலங்கலாக வந்த நாட்களில் நான் ஒரு போத்தலைப் படம் பிடித்தேன். போத்தலைப் பிடித்திருந்த கையில் சிவப்புக் கோயில் நூல் கட்டியிருந்தது. படத்தைப் பெருப்பித்துப் பார்த்த அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது.

“இந்த நூல் ஆரின்ர கையில கிடக்குதெண்டு பஸ்ஸில வாற எல்லாருக்கும் தெரியும். போடுறதுக்கு முன்னம் ரெண்டு தரம் பாக்கோணும். ஒருக்கா எங்கட கண்ணால, ஒருக்கா மனேஜற்ற கண்ணால.”

எனக்குப் பயமாக இருக்கிறது என்றேன். “இருக்கட்டும். பயந்தாத்தான் கவனமா இருப்பம்” என்றார்.

கை தெரியாமல் போத்தலை மட்டும் போட்டோம். ஊரெல்லாம் பகிர்ந்தார்கள். ஒரு கிழமைக்குள் தண்ணீர்த் தாங்கியைக் கழுவினார்கள். நூல் கட்டியிருந்தவள் இப்போது வேலையை விட்டு, கலியாணம் கட்டி நாயாற்றுப் பக்கம் போய்விட்டாள். அதனால்தான் நூலைப் பற்றி இங்கே எழுதுகிறேன்.

அக்கா இறந்த அன்றைக்கு நான் எந்தக் கண்ணாலும் பார்க்கவில்லை. அரை மணி நேரத்துக்குள் படத்தின் கீழே எங்கள் சங்கத்துப் பிள்ளைகள் வரிசையாக வந்துவிட்டார்கள். சொந்தப் பெயர், சொந்தப் படம். ‘எங்கட சங்கத்தைக் கட்டின அக்கா’, ‘என்னையும் சங்கத்தில சேர்த்த அக்கா’ என்று எழுதியிருந்தார்கள். பெயர்ப் பட்டியலை நானே அலுவலகத்துக்குக் கொடுத்தது மாதிரி இருந்தது. பதிவை அழித்தேன். அதற்குள் யார் பார்த்தார்களோ, படம் பிடித்து வைத்தார்களோ, தெரியாது.

வட்டக்கச்சியில், அக்காவின் செத்தவீட்டு வாசலில், எங்களோடு வேலை செய்யும் ஒரு பிள்ளை என்னை மறித்தாள்.

“அக்காவை ஏன் அழிச்சனீங்கள்? எங்களை ஒரு சொல்லுக் கேட்டனீங்களோ?”

“உங்கட வேலைக்காகத்தான் அழிச்சனான்.”

“அவாவுக்காக அழுறதெண்டாலும் பேரை மறைச்சோ அழோணும்?”

அவள் கேட்டது நியாயம். நான் பயந்ததும் நியாயம்தான். அக்கா இருந்திருந்தால் இரண்டு பேரையும் ஏசிவிட்டுத் தேத்தண்ணி போட்டுத் தந்திருப்பார்.

இரண்டு கிழமையாகிறது. ஒலிபெருக்கியில் யாரையாவது அலுவலகத்துக்குக் கூப்பிட்டால் மெஷினை நிறுத்திப் பெயரைக் கேட்கிறேன். இதுவரை கூப்பிட்டதெல்லாம் லீவு விஷயமாகத்தான்.

அவரைத் தெரிந்தவர்களே, என்னோடு கோபிக்காதீர்கள். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த இரண்டாவது பார்வைதான். இந்த அஞ்சலியையும் மனேஜரின் கண்ணால் ஒருமுறை வாசித்தேன். மூன்று பெயர்களை எடுத்துவிட்டேன், என்னுடையதையும் சேர்த்து. அக்காவின் பெயரை மட்டும் விட்டிருக்கிறேன். அவரை இனி ஒருவரும் வேலையால் நிற்பாட்ட முடியாது.