வட்டத்துக்குக் கீழே கொஞ்சம் இடம்

என் தங்கச்சியைப் போல ஒரு பொல்லாத பரீட்சகரை நான் எந்தக் கம்பஸிலும் கண்டதில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்துகொண்டு, ஒரு கையில் ரத்தம் ஏறிக்கொண்டிருக்க, மற்றக் கையில் என்னுடைய கேள்விக்கொத்தைப் பிடித்தபடி, "பாதி சரிக்கெல்லாம் புள்ளி இல்ல அக்கா" என்பாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். ஆனால் ஊசி குத்தியிருக்கிற பிள்ளையோடு எப்படிச் சண்டை பிடிக்கிறது?

அவளுக்குத் தலசீமியா. உடம்பு தனக்கு வேண்டிய ரத்தத்தைத் தானே சரியாகச் செய்துகொள்ளாது. நடக்கப் பழகிய காலத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். அன்றிலிருந்து மாதத்துக்கு ஒரு தடவை பெரியாஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் ஏற்றிக்கொண்டு வருவாள். காலையில் போனால் பின்னேரம்தான் விடுவார்கள். சித்திக்குத் தையல் வேலை தலைக்கு மேல். அதனால் கூட இருப்பது பெரும்பாலும் நான்தான்.

தங்கச்சி என்கிறேன், பெற்றது சித்தி. ஆனால் எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் சீதனமாகப் பெண்பிள்ளைகளுக்குத்தான். திருகோணமலையில், அன்புவழிபுரத்து வளவை இரண்டாகப் பிரித்து அம்மாவுக்கும் சித்திக்கும் கொடுத்தார்கள். இரண்டு பேரும் வீடு கட்டினார்கள், வேலி கட்டவில்லை. எந்தக் குசினியில் அன்றைக்கு மீன்குழம்போ அந்தக் குசினியில் எல்லாரும் சாப்பிட்டோம். அவளுக்குத் தலை வாரியதும் நான், பேன் பார்த்ததும் நான், பென்சில் திருடியதற்குக் குட்டியதும் நான். பிறகு தங்கச்சி இல்லாமல் வேறென்ன?

நான் அப்போது கம்பஸில் உயிரியல் படித்துக்கொண்டிருந்தேன். சோதனை வந்தால் எல்லாரும் போட்டோக்கொப்பி எடுத்துப் பாடமாக்குகிற கேள்விக்கொத்து ஒன்று இருந்தது. தாவரம், பரம்பரை, நோய் என்று எல்லாம் கலந்து, அத்தனையும் ஆங்கிலத்தில். ஆஸ்பத்திரி வாட்டில் ஒரு மூலையில் இருந்து படிக்கலாம் என்று கொண்டுபோனேன். இவள் பறித்துக்கொண்டாள். கேள்வியைத் தன் பாட்டுக்குத் தமிழாக்கிக் கேட்பாள்.

"ஒளித்தொகுப்பில இருள் தாக்கம் எங்க நடக்கும்?"

"பச்சையவுருமணியில."

"அதில எங்க?"

"அதுக்குள்ளதான்டி!"

"உள்ளுக்குள்ள எண்டா? திருகோணமலைக்குள்ள இறக்கிவிடுங்க எண்டு சொன்னா பஸ்காரன் எங்க இறக்குவான்?"

பச்சையவுருமணிக்குள் இருக்கிற திரவத்துக்குப் பெயரான பஞ்சணை என்ற சொல் என் வாய்க்கு வருவதற்குள் பெரிதாகப் பிழை போட்டுவிட்டாள். பக்கத்துக் கட்டிலில் கிண்ணியா ஊரிலிருந்து தன் மகனுக்கு ரத்தம் ஏற்ற வந்திருந்த தாயொருவர் முக்காட்டால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஆனால் அந்தக் கேள்வியை நான் இன்றுவரை மறக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில், இலை வெயிலில் மாப்பொருள் செய்வதைக் காட்டும் ஒளித்தொகுப்புப் பரிசோதனை செய்து காட்டிய நாளில் அவள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். பிறகு சும்மா விடுவாளா? எனக்கும் செய்து காட்டுங்கள் என்று காலைச் சுற்றினாள். எங்கள் வளவில் மாமரம் வெயிலை விடாது. உட்துறைமுகத்துப் பக்கம் என் மச்சான் படகு எஞ்சின் திருத்துகிற பட்டறை முற்றத்தில்தான் நாள் முழுக்க வெயில். ஒரு செவ்வரத்தைப் பூஞ்செடியைச் சாடியோடு கொண்டுபோய் அங்கே வைத்து, ஒரு இலையின் பாதியைக் கறுப்புக் கடதாசியால் மூடிவிட்டு வந்தோம். மூடிய இடத்தில் வெளிச்சம் படாது, மாப்பொருள் உண்டாகாது, அயடீன் விட்டால் நிறம் மாறாது. அதுதான் பரிசோதனை.

அடுத்த நாள் மச்சான் போன் எடுத்தார். "மச்சாள், கோவிக்கக் கூடாது. உங்கட பரிசோதனையை மான் திண்டிட்டுது."

"இலையையா?"

"முழுக்க. கடதாசியையும் சேர்த்து."

எங்கள் டவுன் தெருவெல்லாம் திரிகிற மான்களுக்கு மனிதப் பயமும் இல்லை, வெட்கமும் இல்லை. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. தங்கச்சியோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அக்கா, மானுக்கு அயடீன் விட்டுப் பாப்பமா?"

மச்சான் என்றால் மாமாவின் மகன். அம்மாவுக்கும் சித்திக்கும் அண்ணன்தான் மாமா. எனக்கு முறை மச்சான். முறை என்பதற்காக மட்டும் சொல்லவில்லை, எனக்கு அந்த மனிதரில் உயிர். டீசல் மணத்தோடு வந்து நின்று, எதற்கும் சத்தம் போடாமல் சிரிக்கிற அந்தச் சிரிப்புக்காகவே நான் கோபித்துக்கொண்ட நாட்கள் உண்டு. என் சோதனை முடிந்த கையோடு கலியாணம் என்று இரண்டு வீட்டிலும் பேசி முடித்திருந்தார்கள். கூறைச் சேலையின் நிறம் வரைக்கும் சண்டை பிடித்தாயிற்று.

அந்த நேரத்தில்தான் பரம்பரைப் பாடத்துக்கு ஒரு வேலை தந்தார்கள். குடும்பத்தில் உள்ள ஏதாவது ஒரு இயல்பை எடுத்து வம்சவழிப் படம் கீற வேண்டும். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோய் இருந்தால் உள்ளே கறுப்பு. எல்லாரும் கன்னக்குழி, சுருட்டை முடி என்று எடுத்தார்கள். நான் தலசீமியாவை எடுத்தேன். அம்மாவையும் அப்பாவையும் கீறி, அவர்களுக்குக் கீழே என்னை ஒரு வட்டம், பக்கத்தில் தங்கச்சியை ஒரு கறுத்த வட்டம் என்று அழகாகக் கீறிக் கொடுத்தேன்.

விரிவுரையாளர் மெடம் அதைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றினார். "உங்கட தாயும் தகப்பனும் நோய்க்காவிகள். நீங்களும் காவியா இருக்க நல்லா வாய்ப்பிருக்கு. சோதிச்சிட்டீங்களா?"

எனக்குத் திக்கென்றது. "இல்ல மெடம், இவ சித்தியின்ர மகள்."

"அப்ப ஏன் அம்மாவுக்குக் கீழ கீறினனீங்கள்?"

"தங்கச்சி எண்டபடியால்..."

வகுப்பே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டார். "பிள்ளை, ஒரே சட்டியில சாப்பிட்டதுக்கு இந்தப் படத்தில கோடு இல்ல. ஆர் வயித்தில ஆர் எண்டு பார்த்துத் திருப்பிக் கீறுங்கோ."

வீட்டுக்கு வந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திருப்பிக் கீறினேன். தங்கச்சியைச் சித்திக்கும் சித்தப்பாவுக்கும் கீழே கொண்டுபோனேன். அவளுக்கு நோய் என்றால் அவர்கள் இரண்டு பேரும் காவிகள். காவி என்பவருக்கு நோய், வருத்தம் ஒன்றும் இராது. பழுதான பரம்பரையலகு ஒன்று உள்ளே இருப்பது தெரியவும் மாட்டாது. இரண்டு காவிகள் சேர்ந்தால்தான் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு ஆபத்து. சரி, சித்திக்கு அது எங்கிருந்து வந்தது? பெற்றவர்களில் ஒருவரிடமிருந்து. அப்படியென்றால் அவர்கள் பெற்ற அம்மாவுக்கும் இருக்கலாம், மாமாவுக்கும் இருக்கலாம். அம்மாவிடமிருந்து எனக்கு வரலாம். மாமாவிடமிருந்து மச்சானுக்கு.

என் வட்டத்தையும் மச்சானின் சதுரத்தையும் சேர்த்து ஏற்கனவே பென்சிலால் ஒரு கோடு இழுத்து, கீழே பிறக்கப்போகிற பிள்ளைகளுக்கென்று ஆசைக்குச் சின்னதாகப் புள்ளிகளும் வைத்திருந்தேன். பென்சில் அப்படியே நின்றது. கேள்விக்கொத்தில் எத்தனை தடவை இந்தக் கணக்கைச் செய்திருப்பேன்! ஒருநாளாவது எங்கள் வீட்டை நினைத்தேனா?

அம்மாவிடம் சொன்னேன். அம்மா அகப்பையோடு திரும்பினா. "கலியாணம் வாற நேரத்தில ரத்தம் கித்தம் எண்டு கதைக்காத. இருக்கிற வருத்தம் காணாதெண்டு புதுசாத் தேடிப் போறியோ?" தங்கச்சிக்குக் கண்டுபிடித்தபோதே சொந்தக்காரரும் சோதிப்பது நல்லது என்று டொக்டர் சொல்லியிருந்தாராம். நல்லா இருக்கிற ஆக்கள் ஏன் ஆஸ்பத்திரிப் படி ஏறவேணும் என்று அப்படியே விட்டுவிட்டார்கள். எனக்கு வந்த கோபத்தில் குசினிக் கதவை அடித்துச் சாத்தினேன். பிறகு கிணற்றடியில் இருந்து அழுதேன்.

அடுத்த தடவை வாட்டில் தங்கச்சி நோய்ப் பகுதியைத் திறந்தாள். "மலேரியா நிறைய இருந்த இடங்களில தலசீமியாக் காவிகளும் ஏன் கூட?"

"காவிகளுக்கு மலேரியா கடுமையா வாறது குறைவு. அதால தப்பிப் பிழைச்சுப் பிள்ளை பெத்தினம்."

"ஓகோ. எங்கட பழைய ஆக்கள் நுளம்புக்குத் தப்பினதுக்கு நான் இஞ்ச வந்து ஊசிக்குத்து வாங்குறன்." சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கொத்தை மடியில் வைத்துவிட்டு என்னைக் கூர்ந்து பார்த்தாள். "அக்கா, என்ன? ஒரு பிழையும் விடாமச் சொல்லுறீங்க. ஏதோ நடந்திருக்கு."

படத்தை எடுத்துக் காட்டினேன். அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. விரலால் மேலே போனாள், மாமா வரைக்கும் போய்க் கீழே இறங்கினாள், மச்சானின் சதுரத்தில் நின்றாள்.

"இன்னும் சோதிக்கேல்லையா? என்ன ஆக்கள் நீங்க! மச்சானைக் கூட்டிக்கொண்டு போங்க. அம்மா ஆக்கள் கத்தினா கத்தட்டும்."

பட்டறைக்குப் போனேன். மச்சான் ஒரு எஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார். நான் சொல்லச் சொல்ல, கையில் இருந்த கிரீஸைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"எனக்கு ஊசி எண்டால் பயம். அது உமக்குத் தெரியும்" என்றார்.

"அதுக்காக?"

"அதுக்காக ஒண்டுமில்ல. பிடிக்கிறதுக்கு ஆள் வேணும் எண்டன்."

சிரித்தேன். பிறகு கேட்க வேண்டியதைக் கேட்டேன். "ரெண்டு பேருக்கும் இருந்தா?"

அவர் துணியை எஞ்சினுக்கு மேல் வைத்தார். "சின்னவள நாலு பேர் அமத்திப் பிடிக்க நரம்பு தேடின அண்டைக்கு நான் பக்கத்தில நிண்டனான். பரவாயில்ல எண்டு என்னால சொல்ல ஏலாது." தலையைக் குனிந்துகொண்டார். "ரெண்டு பேருக்கும் இருந்தா வேண்டாம்."

நானும் அதைத்தான் நினைத்திருந்தேன். ஆனாலும் அவர் வாயால் கேட்டபோது நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. அந்த மனிதரில் எனக்கு இவ்வளவு விருப்பம் இருக்கிறது, இதே மனிதரை விட்டுவிட வேண்டியும் வரலாம். இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி உண்மையாக இருக்கும் என்று எந்தக் கேள்விக்கொத்திலும் இல்லை.

ரத்தம் கொடுத்தோம். மச்சான் கண்ணை இறுக்கி மூடி, என் மணிக்கட்டைக் கன்றிப் போகிற அளவுக்குப் பிடித்திருந்தார். முடிவு வரும்வரை நான் எல்லாரோடும் எரிந்து விழுந்தேன். பூனைக்குக்கூட ஏச்சு விழுந்தது. கத்தித் திரிந்த அம்மா, கடைசியில் கோயிலுக்கு விளக்கு வைக்கப் போனா.

முடிவு வந்தது தங்கச்சி ரத்தம் ஏற்றுகிற நாளில். மேல் மாடியில் டொக்டர் எங்களை இருத்தி விளக்கினார். நான் காவி. மச்சான் இல்லை. எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் என்னைப் போலக் காவியாக வரலாம். நோய் வராது.

மச்சான் கதிரையை விட்டு எழும்பவேயில்லை. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். நான் படியெல்லாம் எப்படி இறங்கினேனோ தெரியாது. வாட்டுக்குள் ஓடிப்போய், எல்லாருக்கும் கேட்கிற மாதிரிக் கத்தினேன். "மச்சானுக்கு இல்லையாம்டி! எங்கட பிள்ளைக்கு வராது! வரவே வராது!" அழுகிறேன், சிரிக்கிறேன். கிண்ணியாத் தாய் எழும்பி வந்து என் தலையைத் தடவினார். அவருடைய மகன் கையில் குழாயோடு படுத்திருந்து என்னையே பார்த்தான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எது வராது என்று இந்தக் குதி குதிக்கிறேன்? என் முன்னால் படுத்திருக்கிற இவளுக்கு வந்தது எங்கள் பிள்ளைக்கு வராது என்று. இவளுடைய கட்டிலடியில் நின்று. சிரிப்பு அப்படியே வாயில் செத்துப் போயிற்று.

"ஏன் நிப்பாட்டிட்டீங்க?" என்றாள் தங்கச்சி. "அழுங்க அக்கா. நல்ல விசயம்தானே. நான் இரவெல்லாம் நித்திரை கொள்ளேல்ல."

"தங்கச்சி..."

"அந்தப் படத்தைத் தாங்க."

பையில் இருந்து எடுத்துக் கொடுத்தேன். மடியில் விரித்து வைத்துக்கொண்டு, தன் பரீட்சைக் குரலை எடுத்தாள். "கேள்வி. வருத்தக்காரி ஒருத்தி காவி இல்லாத ஒருவரைக் கலியாணம் முடிச்சா, எத்தனை பிள்ளைக்கு வருத்தம் வரும்?"

"ஒருத்தருக்கும் வராது. எல்லாரும் காவியா இருப்பினம்."

"சரி. முழுப் புள்ளி." குழாய் இல்லாத கையால் கறுத்த வட்டத்தைத் தொட்டாள். நான் அதைத் தாளின் அடி ஓரத்தில், இனிக் கீறுவதற்கு ஒன்றுமில்லை என்பது போல ஒடுக்கிக் கீறியிருந்தேன். என் பக்கத்திலோ கீழே தாராளமாக இடம் விட்டு, புள்ளி வேறு வைத்திருந்தேன்.

"உங்களுக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறீங்க" என்றாள். குரலில் கோபமில்லை. "எனக்கும் கொஞ்சம் இடம் விட்டுக் கீறுங்க அக்கா."

கட்டில் ஓரத்தில் இருந்தேன். கேள்விக்கொத்தின் கடைசித் தாளைத் திருப்பி வெற்றுப் பக்கத்தை எடுத்தேன். அவள் சொல்லச் சொல்ல, அவளுடைய வட்டத்தை மேலே தூக்கி, தாளின் நடுவில் கீறினேன்.