வெட்டில்லாத பன்னிரண்டு வளையங்கள்

விழுப்புரத்தில் அந்தக் காலேஜின் மைக்ரோவேவ் லேப்பில் அன்று மத்தியானம் இருந்தவர்கள் மூன்று பேர்: நான், கிளியனூரிலிருந்து வரும் என் ப்ராஜெக்ட் கூட்டாளி, மெஷினுக்குப் பொறுப்பான சார். இல்லாதவன் எங்கள் குழுவின் மூன்றாவது ஆள். அக்காவுக்குக் கல்யாணம் என்று பிரம்மதேசம் பக்கம் பத்திரிகை வைக்கப் போயிருந்தான். அவன் இருந்திருந்தால் திட்டு வாங்கவாவது ஒருவன் இருந்திருப்பான்.

மெஷின் என்றது நெட்வொர்க் அனலைசரை. ஒரு ஆன்டெனாவுக்குள் அனுப்பின அலை எவ்வளவு எங்கே போகிறது என்று திரையில் கோடாகப் போட்டுக் காட்டும். திண்டிவனத்தில் எங்கள் காலேஜில் அது கிடையாது. இங்கே மணிக்கு ஐந்நூறு ரூபாய் வாடகை. மறுநாள் காலை எங்களுக்கு வைவா. எனக்குச் சென்னையில் ஒரு வேலை கிடைத்திருந்தது. ஒரு பேப்பரும் பாக்கி இல்லாமல் முடித்தால்தான் ஜூனில் சேரலாம் என்று கடிதத்தில் போட்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் மாதச் சம்பளம் என்று ஒன்றை இதுவரை யாரும் வாங்கினதில்லை. ப்ராஜெக்ட் போனால் அந்தக் கடிதமும் போச்சு.

ப்ராஜெக்ட் இதுதான். இரண்டு ஆன்டெனாக்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று பேசுவது இன்னொன்றின் காதில் விழும். நடுவில் செம்பு வளையங்களை வரிசையாக நட்டால் அந்தப் பேச்சு அடைபடும். வளையங்கள் அலையின் நீளத்தைவிட ரொம்பச் சின்னவை என்பதால் அலை அவற்றைத் தனித்தனியாகப் பார்க்காது. எதிரே ஏதோ புதுப் பொருள் நிற்பதாக நினைத்துக்கொள்ளும். மண்ணிலும் மலையிலும் கிடைக்காத பொருள், நாமே வரைந்து உண்டாக்கியது. இதற்கு மெட்டாமெட்டீரியல் என்று பெயர். எங்களிடம் சட்டைப் பொத்தான் அளவில் பன்னிரண்டு வளையங்கள். ஒவ்வொன்றிலும் அரை மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு வெட்டு. வித்தை முழுக்க அந்த வெட்டில்தான் இருக்கிறது. வெட்டு இல்லையென்றால் அது வெறும் வளையம்.

ஆன்டெனாக்களும் வளையங்களும் இருந்த போர்டை மெஷினில் மாட்டினோம். கம்ப்யூட்டர் கணக்குப்படி, பேச்சு அடைபடும் இடத்தில் கோட்டில் ஒரு கிணறு விழ வேண்டும். கோடு ஏரிக்கரை மாதிரி நேராகப் போனது.

"டேய், ஒயர சரியா மாட்னியா?" என்றேன்.

"சரியாத்தான்டா மாட்டிக்கிறேன். உன் கணக்கப் பாரு மொதல்ல."

அரை மணி நேரம் இப்படியே போனது. கடைசியில் சார் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டுத் தலையைத் தூக்கினார்.

"தம்பிங்களா, வெட்டு எங்க?"

பன்னிரண்டும் முழு வட்டம். செம்பு பூசின போர்டைப் பிளாஸ்டிக் டப்பாவில் ரசாயனத்தில் போட்டு, வளையம் போக மீதிச் செம்பை அரித்தவன் நான்தான். வட்டம் வட்டமாகப் பளிச்சென்று வந்த சந்தோஷத்தில் வெட்டைத் தேடவே இல்லை. அதற்கு வளையங்களின் படத்தைப் பிலிமாகப் போட்டுத் தந்தது திண்டிவனத்தில் ஒரு கல்யாணப் பத்திரிகை பிரஸ். மூன்றாவது ஆள் அக்காவின் பத்திரிகையோடு எங்கள் படத்தையும் அங்கே கொடுத்திருந்தான். பிரஸ்ஸுக்குப் போன் போட்டேன். அங்கே டிசைன் பண்ணும் ஒரு அக்கா எடுத்தார்.

"ஆமாம்பா, நான்தான் ஒட்டுனேன். உங்க ஃப்ரெண்டு வீட்டுது கிறிஸ்டியன் கல்யாணம், பத்திரிகையில ரெண்டு மோதிரம் போட்டுக்கினு இருந்தேன். பாத்தா கூடவே பன்னண்டு மோதிரம், அத்தனையும் அறுந்து கெடக்குது! நல்ல காரியத்துக்கு அறுந்த மோதிரத்த எப்புடிப்பா அனுப்புவேன்? ஒண்ண ஒட்டி மத்ததெல்லாம் காப்பி பண்ணேன். அதுக்குக் காசுகூடச் சேக்கல."

"நன்றிக்கா" என்று போனை வைத்தேன்.

"இன்னும் இருவது நிமிஷம்" என்றார் சார். "அதுக்கு மேல இன்னொரு ரசீது."

கூட்டாளி ஓடிப்போய் பிளேடு வாங்கி வந்தான். ஒவ்வொரு வளையத்திலும் இரண்டு கீறல் போட்டு, நடுவில் நிற்கும் செம்பை ஊசி முனையால் எடுக்க வேண்டும். முதல் வளையத்துக்கே எனக்கு ஐந்து நிமிஷம் பிடித்தது.

"திண்ணையில ஒக்காந்து மல்லாட்டையாடா உரிக்கிற? ஜல்தி பண்ணுடா, பேஜாரு!"

இரண்டாவது ரசீதும் போட்டோம். கிணறு வெட்டப் பூதம் வரும் என்பார்கள். எங்களுக்குக் குட்டை வந்தது. ஆழமில்லை, ஆனால் அகலமாகக் கிடந்தது.

பஸ்ஸில் கூட்டாளி மெதுவாக ஆரம்பித்தான். "கம்ப்யூட்டர் படத்தையே அளந்த படம்னு காட்டிடலாம்டா. எவன் கேக்கப்போறான்?"

அந்தக் கடிதத்தை நினைத்தால் எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. ஆனால் பொய் சொன்னால் அதற்கடுத்த கேள்விக்கு எனக்குப் பதில் தெரியாதே. குட்டையையே எடுத்துப் போனோம்.

மறுநாள் காலை வைவாவுக்கு மூன்றாவது ஆளும் வந்து சேர்ந்தான். வெளியிலிருந்து பரீட்சை வைக்க வந்த மேடம் படத்தைப் பார்த்தார். "என்ன இது, இவ்ளோ அகலம்?"

மோதிரக் கதை, பிளேடு கதை எல்லாவற்றையும் சொன்னேன். மேடம் போர்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டது தெரிந்தது.

"பன்னெண்டும் பன்னெண்டு ஊரு ஆளுங்க மாதிரி இருக்கே. ஒவ்வொண்ணும் ஒரு ஃப்ரீக்வென்சில பாடுது. அதான் அகலம். வெட்டெல்லாம் அளந்தீங்களா?"

"இல்ல மேடம்."

"அளந்து ஒரு பக்கம் எழுதி ரிப்போர்ட்ல சேத்து எடுத்துட்டு வாங்க. நாலு மணிக்குக் கெளம்பிடுவேன். அதுக்கப்புறம் என் கையெழுத்து இல்ல."

முதல் வருஷப் பிள்ளைகளின் பிசிக்ஸ் லேப்பில் மைக்ரோஸ்கோப்பைக் கெஞ்சி வாங்கினோம். நான் அளவைச் சொல்லச் சொல்லக் கூட்டாளி எழுதினான். மிகச் சின்ன வெட்டுக்கும் மிகப் பெரியதுக்கும் இரண்டு மடங்கு வித்தியாசம். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடையில் ரிப்போர்ட்டின் நான்கு பிரதிகளையும் பிரித்து, அந்தப் பக்கத்தைச் சொருகி, மறுபடி பைண்டிங். பசை காய்வதற்குள் தூக்கிக்கொண்டு ஓடினோம். மேடம் கார் கதவைத் திறந்துவிட்டிருந்தார். பானெட்டின் மேல் வைத்தே புதுப் பக்கத்தை முழுசாகப் படித்துவிட்டு, நான்கிலும் கையெழுத்துப் போட்டார்.

ஜூனில் நான் வேலையில் சேர்ந்தேன். போர்டு, கனெக்டர், பிளேடு, இரண்டு மணி நேர வாடகை, இரண்டு தரம் பைண்டிங் எல்லாம் சேர்த்து எங்கள் மூவருக்கும் ஆன செலவு இரண்டாயிரத்து நூற்றுப் பத்து ரூபாய்.